ஸ்ட்ரீமிங் நிறுவனங்களை நடத்துபவர்களுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்.

திருட்டுப் பிரதி பற்றிப் பேச்சு வந்தாலே, ஓசியில் கிடைத்தால் யார் காசு கொடுப்பார்கள் என்று கேட்கிறீர்கள். அப்படிப்பட்டவர்களும் உண்டு. ஆனால் நான் சொல்ல வந்தது, மாதாமாதம் சந்தாவும் கட்டிவிட்டு அப்புறமும் டோரண்ட் என்ற கோப்புப் பகிர்வு வழியில் திருட்டுப் பிரதியைத் தேடிப் போகிறவர்களைப் பற்றி.

ஒரு தொடரின் முதல் சீசன் ஓர் ஆப்பில் இருக்கிறது, இரண்டாவது வேறோர் ஆப்பில். மூன்றாவதைத் தேடினால் "உங்கள் பகுதியில் கிடைக்காது" என்று வருகிறது. சரி, இருப்பதையாவது பார்க்கலாமென்று லேப்டாப்பில் திறந்தால் படம் மங்கல். பார்ப்பவர் 4கே என்ற மிகத் துல்லியமான படத்துக்கான திட்டத்துக்குத்தான் பணம் கட்டியிருக்கிறார். ஆனால் நகலெடுப்பதைத் தடுக்க நீங்கள் போடும் டிஆர்எம் என்ற மென்பொருள் பூட்டுக்கு அவருடைய பிரவுசர் மேல் நம்பிக்கை இல்லை, அதனால் தரத்தைக் குறைத்துவிடுகிறது. ஊருக்குப் போகும்போது பார்க்க டவுன்லோட் செய்த படத்தைப் பாதியில் நிறுத்தினால், பல ஆப்களில் 48 மணி நேரத்தில் காலாவதி ஆகிவிடும். இத்தனை பூட்டும் திருடுபவரைத் தடுத்ததா? வெளியான அன்றே முழுத் தரத்தில் பிரதி வந்துவிடுகிறது. பூட்டில் மாட்டிக்கொண்டு முழிப்பவர் காசு கொடுத்தவர்தான்.

திருட்டுக்குக் காரணம் பெரும்பாலும் விலை அல்ல, சேவைக் குறைபாடுதான் என்று வீடியோ கேம்களை இணையத்தில் விற்கும் வால்வ் நிறுவனத்தின் தலைவர் கேப் நியூவெல் 2011-லேயே சொன்னார். எனக்கு அதில் முழு உடன்பாடு இல்லை. நாலைந்து சந்தாக்கள் சேரும்போது விலையும் வலிக்கத்தான் செய்கிறது. ஆனாலும் இசையைப் பாருங்கள். 1999-இல் பாட்டுகளை இலவசமாகப் பகிர்ந்துகொள்ள வைத்த நாப்ஸ்டர் வந்தபோது பாட்டுத் தொழிலே அழிந்துவிடும் என்றார்கள். இன்று ஒரே சந்தாவில் அநேகமாக எல்லாப் பாட்டும் கிடைக்கிறது, எம்பி3 தேடி அலைய யாருக்கும் அவசியமில்லை.

எனக்கு மிகவும் ஆறாதது, நீங்களே படைப்புகளை மறைத்துவிடுவதுதான். 2022 நவம்பரில் டிஸ்னி பிளஸ்ஸில் தொடங்கிய 'வில்லோ' தொடரை, ஆறு மாதம்கூட முடியாமல் 2023 மே மாதத்தில் எடுத்துவிட்டார்கள். அப்போது அது டிவிடியாகக்கூட வந்திருக்கவில்லை. எத்தனையோ பேர் உழைத்து எடுத்த தொடரைப் பார்க்க, திருட்டுப் பிரதியைத் தவிர வேறு வழியே இல்லாமல் செய்தது யார்? 2023 டிசம்பரில், தன் விளையாட்டுக் கருவியான பிளேஸ்டேஷனில் காசு கொடுத்து வாங்கிய டிஸ்கவரி நிகழ்ச்சிகளையே பயனர்களின் கணக்கிலிருந்து நீக்கப்போவதாக சோனி அறிவித்தது. எதிர்ப்புக் கிளம்பிய பிறகுதான் பின்வாங்கியது.

ஒரு படைப்பை உங்கள் தளத்திலிருந்து எடுக்கிறீர்களா? எடுப்பதற்கு முன்பே அதை டிவிடியாகவோ, பூட்டில்லாத ஃபைலாகவோ விலைக்குக் கொடுங்கள். 'வாங்கு' என்று பொத்தான் வைத்தால், வாங்கியது வாங்கியவரிடமே இருக்கட்டும். 4கே என்று பணம் வாங்கினால் எந்தக் கருவியிலும் 4கே கொடுங்கள், கொடுக்க முடியாதென்றால் பணம் வாங்கும் முன்பே சொல்லிவிடுங்கள்.

இப்படிக்கு,
இந்த மாதமும் சந்தா கட்டியிருக்கும் ஒரு ரசிகர்