ஃபாரத்தில் ஒரு கட்டம்

பாப்பா,

நீ அனுப்பிய கல்யாண லைசன்ஸ் ஃபாரத்தை இரண்டு தடவை படித்தேன். முப்பது வருஷம் கோர்ட் குமாஸ்தாவாக இருந்தவன், எந்தக் காகிதத்தைப் பார்த்தாலும் கட்டம் கட்டமாகத்தான் கண் போகும். உங்கள் வர்ஜீனியாவில் இனம் என்ன என்று எழுதினால்தான் லைசன்ஸ் என்று இருந்ததாமே, 2019-இல்தான் ஒரு ஃபெடரல் நீதிபதி அது செல்லாது என்றாராம்.

அப்புறம் தேடிப் படித்ததில் லவ்விங் தம்பதி கேஸ் கிடைத்தது. ரிச்சர்ட் வெள்ளைக்காரர், மில்ட்ரெட் கறுப்பும் பூர்வகுடியும் கலந்த வம்சம். வர்ஜீனியாவில் இனம் மாறிக் கல்யாணம் செய்யத் தடை இருந்ததால் 1958 ஜூனில் வாஷிங்டன் போய்க் கல்யாணம் செய்துகொண்டு ஊர் திரும்பினார்கள். ஜூலையில் ஒரு நடுராத்திரி ஷெரிஃப் படுக்கையறைக்குள்ளேயே வந்து டார்ச் அடிக்கிறார். சுவரில் மாட்டியிருந்த சர்ட்டிஃபிகேட்டைக் காட்டினால், இங்கே அது செல்லாது என்கிறார். முறையாக வாங்கிய சர்ட்டிஃபிகேட், பாப்பா! எனக்கு அதுதான் ஆறவே இல்லை. ரிச்சர்டை ஒரு ராத்திரியில் ஜாமீனில் விட்டார்கள், கர்ப்பிணியான மில்ட்ரெட்டைப் பல நாள் உள்ளே வைத்திருந்தார்கள். ஒரு வருஷ ஜெயில், 25 வருஷம் இருவரும் சேர்ந்து மாநிலத்துப் பக்கமே வராவிட்டால் அதை நிறுத்திவைக்கிறோம் என்று தீர்ப்பு. 1967 ஜூன் 12-இல்தான் சுப்ரீம் கோர்ட் ஒன்பது பேரும் ஒருமனதாக அந்தச் சட்டத்தை ரத்து செய்தார்கள். அன்றைக்கு 16 மாநிலங்களில் அப்படி ஒரு தடை இருந்தது.

நம் ஆட்களும் தப்பவில்லை. பகத்சிங் திண்ட் அமெரிக்க ராணுவத்தில் இருந்தவர், அவரையே 1923-இல் அதே சுப்ரீம் கோர்ட் வெள்ளையர் இல்லை, குடியுரிமை கிடையாது என்றது. அந்தக் காலமாக இருந்தால் மாப்பிள்ளையையும் உன்னையும்கூட எவனாவது டார்ச் அடித்து எழுப்பியிருப்பான்.

இன்னொன்று. அலபாமாவில் செத்துப்போன அந்தத் தடையை அரசியல் சட்டப் புத்தகத்திலிருந்து எடுக்க 2000-இல் ஓட்டு வைத்தார்கள். எடுத்துவிட்டார்கள், ஆனால் பத்துக்கு நான்கு பேர் எடுக்கக்கூடாது என்று போட்டிருக்கிறார்கள். படித்ததும் சிரித்தேன், அப்புறம் சிரிப்பு வரவில்லை. போன தீபாவளிக்கு நீ விஷயத்தைச் சொன்னபோது போனை வைத்தவன் நான்தானே. அன்றைக்கு என்னிடம் ஓட்டுக் கேட்டிருந்தால் அந்த நான்கு பேரோடுதான் நின்றிருப்பேன்.

சரி. அத்தையிடம் நான் பேசிக்கொள்கிறேன், நீ எதுவும் விளக்கம் சொல்லிக்கொண்டிருக்காதே. சர்ட்டிஃபிகேட் வந்ததும் சர்ட்டிஃபைட் காப்பி மூன்றாக வாங்கு. ஒன்று இங்கே வரட்டும், கூடத்தில் மாட்ட அம்மா ஆணி அடித்துவிட்டாள்.

அப்பா