அடுத்த குளிருக்கு முன் வீட்டுப் பணம்: நேபாளத்துக்கு உதவும் நாடுகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நிதியுதவி அமைப்புகளின் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம்.

2023 நவம்பர் 3 நள்ளிரவு நேபாளத்தின் ஜாஜர்கோட், மேற்கு ருக்கும் மாவட்டங்களில் நிலநடுக்கம் வந்தது உங்களுக்குத் தெரியும். 150 பேருக்கு மேல் இறந்தார்கள். வீடிழந்தவர்களின் தற்காலிகக் குடிலுக்கென்று நேபாள அரசு அறிவித்தது 50,000 நேபாள ரூபாய். அதுவும் இரண்டு தவணைகளில். 2024 ஜனவரியில் இந்தியா 1,000 கோடி நேபாள ரூபாய் தருவதாக அறிவித்தது. அதில் என் வரிப்பணமும் இருப்பதால் கேட்கிறேன்: நிரந்தர வீட்டுக்கான பணத்தை அடுத்த குளிருக்கு முன் மக்கள் கையில் சேர்த்துவிடுங்கள்.

2015 நிலநடுக்கத்துக்குப் பிறகு என்ன நடந்தது என்பதையும் நீங்கள் மறந்திருக்க முடியாது. ஜூன் 25 அன்று காத்மாண்டு மாநாட்டில் 440 கோடி டாலர் அறிவித்தீர்கள். அதில் ஏறக்குறைய பாதி கடன். அடுத்த மார்ச்சில்தான் தோலகா மாவட்டத்துச் சிங்கட்டியில் முதல் தவணை கைக்கு வந்தது. அதற்குள் ஒரு மழைக்காலமும் ஒரு குளிர்காலமும் போயிருந்தன.

அந்தத் தவணை முறைதான் என்னை உறுத்துகிறது. வீட்டுக்கு மூன்று லட்சம் நேபாள ரூபாய். முதலில் 50,000, அடித்தளம் போட்டு, பொறியாளர் வந்து பார்த்து ஒப்புக்கொண்டால் அடுத்தது. நானும் கட்டடப் பொறியாளன்தான். சாலை முடிந்த இடத்திலிருந்து சிமெண்டை முதுகில் சுமந்து ஏற்ற வேண்டிய ஊரில் அந்தப் பணத்துக்கு அடித்தளம் எழும்பாது. கத்தாரிலோ மலேசியாவிலோ மகன் இருந்தவர்கள் சமாளித்தார்கள். மற்றவர்கள் வட்டிக்கு வாங்கினார்கள். நிலப்பத்திரம் இறந்த மாமனார் பெயரில் இருந்த விதவைக்கு ஒப்பந்தத்தில் கையெழுத்திடுவதே பெரும்பாடு. மிக ஏழைக்கு மிகக் கடினமான விதியை வகுத்துவிட்டு அதற்கு உதவி என்று எப்படிப் பெயர் வைத்தீர்கள்?

கடல் இல்லாத நாடு அது. கப்பலில் வரும் பொருள் கொல்கத்தாவில் இறங்கி, பீர்கஞ்ச் எல்லையில் காத்திருந்து, பிறகுதான் மலையேறுகிறது. 2015 இறுதியில் எல்லை அடைபட்டபோது மருந்துக்கும் எரிபொருளுக்கும் அந்த நாடு பட்ட பாட்டை உலகமே பார்த்தது. அப்படிப்பட்ட இடத்தில் ஒவ்வொரு மாதத் தாமதமும் ஏழையின் செலவில் ஏறுகிறது. ஆனால் ஆலோசகர்களின் சம்பளமும் திட்ட வாகனங்களும் மட்டும் தாமதமானதாக நான் கேள்விப்பட்டதில்லை.

கடுமை தெரிந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். முதல் தவணையை அடித்தளம் முடியும் அளவுக்கு உயர்த்துங்கள். பத்திரம் இல்லாதவருக்கு வார்டு அலுவலகத்தின் சான்றே போதும் என்று ஏற்றுக்கொள்ளுங்கள். தசைன் பண்டிகை முடிந்தால் மலையில் குளிர் இறங்கிவிடும். பணம் அதற்கு முன் வர வேண்டும் என்று பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு கட்டடப் பொறியாளர்