காணியை வித்து போட் வாங்க முதல் ஒருக்கா குனிஞ்சு அடியைப் பாருங்கோ

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்,

போன ஞாயிறு உங்கட பேப்பரில லண்டன் கால்வாய் போட் வாழ்க்கையைப் பற்றி ஒரு கட்டுரை வந்திருந்தது. கூரையில பூச்சாடி, பக்கத்தில அன்னம், வாடகை இல்லை, நிம்மதி எண்டு. படங்கள் நல்ல வடிவு, அதில பிழை சொல்லேலாது. நான் வாசிச்சுப்போட்டு மடிச்சு வைச்சிருப்பன், ஆனா திங்கக்கிழமை காலமை எங்கட பிளற்ஸில ரெண்டாம் மாடியில இருக்கிறவர் அதே பேப்பரைக் கையில பிடிச்சுக்கொண்டு வாசலில நிக்கிறார். "அண்ணை, மகன் லண்டனில வாடகை கட்டியே அழியிறான், கோண்டாவில் காணியை வித்து இதில ஒண்டு வாங்கிக் குடுப்பமோ, நீங்கள் கப்பல் ஆள்தானே, ஒரு சொல்லு சொல்லுங்கோ" எண்டு. ஒரு சொல்லில முடியிற விஷயமில்லை, அதான் இந்தக் கடிதம்.

நான் 30 வருஷத்துக்கு மேல கொழும்புத் துறைமுகத்தில கப்பல் திருத்துற வேலை செய்தனான், அடித்தகடு, வெல்டிங் எல்லாம். 2023 ஒக்டோபரில லண்டனுக்குப் போய் அக்காவின்ர மகனோட அப்பிடி ஒரு போட்டிலதான் மூண்டு மாசம் இருந்தனான். அவனும் மனுசியும் அதிலதான் குடித்தனம். நீளம் 57 அடி, அகலம் 6 அடி 10 அங்குலம், எங்கட பிளற்ஸ் கொரிடோரை வெட்டித் தண்ணியில விட்ட மாதிரி. அகலம் ஏன் அப்பிடி எண்டா, அங்க பழைய கால்வாய்களில கன லொக், அதாவது தண்ணி மட்டத்தைக் கூட்டிக் குறைச்சுப் போட்டை ஏத்தி இறக்கிற கதவு வைச்ச தொட்டி, 7 அடிக்குத்தான் கட்டிக் கிடக்கு, அதுக்குள்ள போறதெண்டா போட்டும் ஒடுங்கத்தான் வேணும். ஒராள் குசினியில நிண்டா மற்ற ஆள் கட்டிலுக்குப் போறதுக்கு வழி விடோணும்.

நான் போய் இறங்கி ஒரு கிழமை ஆகேல்லை, போட்டை டிறை டொக்கில, அதாவது தண்ணியை வடிச்சுப்போட்டு அடிப்பக்கம் திருத்துற தொட்டியில, ஏத்தினம். ரெண்டு மூண்டு வருஷத்துக்கு ஒருக்கா கட்டாயம் ஏத்தி அடிப்பக்கத்தைக் கழுவி, சுரண்டி, தார் மாதிரி ஒரு கறுப்புச் சாமான், பிற்றுமின், ரெண்டு மூண்டு பூச்சுப் பூசோணும். அங்கத்தை ஆக்கள் கறுப்பு அடிக்கிறதெண்டுதான் சொல்லுவினம். தண்ணி வடிஞ்ச உடன எனக்குப் பழைய பழக்கம், சுத்தியலை எடுத்துக்கொண்டு கீழ போயிட்டன். நல்ல தகட்டைத் தட்டினா மணி மாதிரிக் கேக்கும், தின்னுப்பட்ட தகடு பழுத்த பலாப்பழத்தைத் தட்டின மாதிரி டொப் எண்டும். பின்பக்கம் இடது கைப்பக்கமா தண்ணி மட்டத்துக்குக் கிட்ட ரெண்டு முழத்துக்கு டொப் டொப் எண்டே கேக்குது. "தம்பி, வாங்கேக்க ஆரும் தகடு அளந்து பாத்தவையோ" எண்டு கேட்டன். "வித்த ஆள் நல்ல மனுசன் மாமா, தேவையில்லை எண்டவர்" எண்டான். நல்ல மனுசனாம்!

இந்தப் போட்டுகளுக்குச் சாதாரணமா அடித்தகடு 10 மில்லிமீற்றர், பக்கத்தகடு 6. அளக்கிற மெஷின் கொண்டுவந்து அளந்தா அந்த இடத்தில 3.6 காட்டுது. 4க்குக் கீழ போனா இன்சூரன்ஸ்காரர் கன பேர் கையை விரிச்சுப்போடுவினம். பிறகென்ன, அதுக்கு மேல புதுத்தகடு வைச்சு வெல்டிங், பொடியன்ர ரெண்டு மாசச் சம்பளம் அப்பிடியே போச்சுது. காரணம் என்னெண்டு பாத்தா தண்ணியில்லை, கரண்ட். முந்தி வைச்சிருந்தவர் வருஷக்கணக்கா ஒரே இடத்தில கட்டி, கரையில இருந்து வயர் இழுத்துக் கரண்ட் எடுத்திருக்கிறார். அந்த வயரின்ர எர்த் பக்கத்துப் போட்டுகளின்ர எர்த்தோடயும் சேருது, எல்லாம் ஒரே தண்ணிக்குள்ள நிக்குது, முழுக்கச் சேர்ந்து ஒரு பெரிய பற்றரி மாதிரி வேலை செய்து ஆற்றையோ இரும்பைத் தின்னும். அதைத் தடுக்கக் கல்வானிக் ஐசொலேற்றர் எண்டு ஒரு சின்னப் பெட்டி இருக்கு, அவர் பூட்டேல்லை. அடியில மக்னீசியத் துண்டுகள் பூட்டுறது, இரும்புக்குப் பதிலா அது கரையட்டும் எண்டு, அதுவும் அரிச்ச சவர்க்காரத் துண்டு மாதிரித்தான் மிஞ்சிக் கிடந்தது. நாலும் புதுசு போட்டம்.

கட்டுரையில வாடகை இல்லை எண்டு எழுதினவர் மற்றக் கணக்கையும் எழுதியிருக்கலாம். கால்வாயில நிக்கிறதுக்கு லைசன்ஸ், அது போட்டின்ர அளவைப் பாத்து, இந்தச் சைசுக்கு வருஷம் ஆயிரம் பவுணுக்கு மேல. இன்சூரன்ஸ். நாலு வருஷத்துக்கு ஒருக்கா காஸ், வயரிங், எஞ்சின் எல்லாம் பாத்து பாதுகாப்புச் சேர்டிபிக்கற். நிரந்தரமா ஒரு இடத்தில கட்டோணுமெண்டா அதுக்கு வேற காசு, லண்டனுக்குள்ள அது வாடகை மாதிரியேதான். காசு குடுக்கேலாதவை என்ன செய்யிறதெண்டா ஓடிக்கொண்டே இருக்கிறது. 1995இல வந்த சட்டப்படி ஒரு இடத்தில 14 நாளுக்கு மேல நிக்கேலாது, அடுத்த இடத்துக்குப் போகோணும், அதுவும் சும்மா நாலு முழம் முன்னுக்குப் பின்னுக்கு இழுத்துப்போட்டுச் சாட்டுச் சொல்லேலாது. மருமகன்ர மனுசி ஒரு ஆஸ்பத்திரியில வேலை. ரெண்டு கிழமைக்கு ஒருக்கா அவளுக்கு பஸ் நம்பர் மாறும், ஒருக்கா 20 நிமிஷம், அடுத்தமுறை ஒன்றேகால் மணித்தியாலம். கடிதம் வாறதுக்கு ஹரோவில சொந்தக்காரற்றை விலாசம். அவையளோட கோபம் வந்தா பாங்க் கடிதமும் வராது.

டொய்லெட்டைப் பற்றி ஒரு வசனம் எழுதாம இருக்கேலாது, ஏனெண்டா கட்டுரை எழுதினவர் எழுதேல்லை. கழிவு ஒரு பிளாஸ்ரிக் பெட்டிக்குள்ள விழும், ஏறக்குறைய 20 லீற்றர் பிடிக்கும், மூண்டு பேருக்கு ரெண்டு நாள், கூடினா மூண்டு. பிறகு அதைக் கழற்றி, கை வண்டில்ல வைச்சு, கரை வழிய உருட்டிக்கொண்டு போய் அதுக்கெண்டு இருக்கிற இடத்தில ஊத்தி அலம்பிக்கொண்டு வரோணும். அந்த இடத்தில பூட்டு வேலை செய்யாட்டி அதே பெட்டியோட அடுத்த இடத்துக்கு. டிசம்பர் மழையில ஒரு நாள் நான் உருட்டினன், எதிர்ல ஒரு வெள்ளைக்காரர் நாயோட வந்து "குட் மோர்னிங்" எண்டார், நானும் மரியாதையாச் சொன்னன், கையில என்ன கொண்டு போறன் எண்டு ரெண்டு பேருக்கும் தெரியும்.

தண்ணியும் அப்பிடித்தான், ராங்க் முடியேக்க குழாய் இருக்கிற இடத்துக்கு எஞ்சினைப் போட்டு ஓட்டிக்கொண்டு போகோணும். வேகம் மணிக்கு 4 மைலுக்கு மேல போகேலாது, கட்டி நிக்கிற போட்டுகளைத் தாண்டேக்க அதிலும் மெதுவா, இல்லாட்டி உள்ளுக்க தேத்தண்ணி போடுற ஆள் யன்னலைத் திறந்து பேசும். மாரியில சோலர் ஒண்டும் தராது, நாலு மணிக்கே வெளிச்சம் போயிடும், பற்றரி பாதிக்குக் கீழ இறங்க விட்டா அது செத்துப்போகும் எண்டு எஞ்சினை ஓட விட்டுச் சார்ஜ் பண்ணுறது. குளிருக்கு நிலக்கரி அடுப்பு, அதோட கார்பன் மொனொக்சைட் அலாரம் கட்டாயம், அதில மட்டும் விளையாடக்கூடாது. பாத்திரத்தில சோறு கொதிக்கிற ஆவி முழுக்க இரும்புச் சுவரில பட்டுத் தண்ணியா வடியும், மெத்தையைத் தூக்கினா பின்னால பூஞ்சணம்.

அல்பேட்டன் பக்கம் ஒருநாள் நடந்ததையும் சொல்லுறன். எங்கட ஆக்கள் கனபேர் இருக்கிற இடம், கோயில், மரக்கறிக்கடை, முருங்கைக்காய் எல்லாம் இருக்கு, கால்வாயும் அதுக்கிள்ளாலதான் போகுது. எஞ்சின் திடீரெண்டு இரும ஆரம்பிச்சிட்டுது, பின்னால தண்ணி கலங்குது, போட் நகருதில்லை. புறொப்பெல்லரில என்னவோ சுத்தியிருக்கு. அதுக்கெண்டு பின்பக்கத்தில ஒரு மூடி இருக்கு, எஞ்சினை நிப்பாட்டி, சாவியைக் கழற்றிப் பொக்கற்றுக்குள்ள போட்டிட்டு, மூடியைத் திறந்து தோள்மட்டும் கையை விட்டுத்தான் எடுக்கோணும். ஐஸ் தண்ணி. பாண் வெட்டுற கத்தியால பொடியன் அரை மணித்தியாலம் அறுத்து அறுத்து எடுக்கிறான், முதல்ல மஞ்சள் நூல், பிறகு கரை, பிறகு பாத்தா ஒரு முழுச் சேலை! பக்கத்தில ரெண்டு தேங்காய் மிதக்குது. ஆரோ பூசை செய்து கங்கையில விட்ட நினைப்பில விட்டிருக்கினம். அவனுக்குக் கோபமும் சிரிப்பும் ஒண்டாய் வந்திட்டுது. மூடியைச் சும்மா வைச்சிட்டு எஞ்சினைப் போடப்போனான், நான் கையைப் பிடிச்சு நிப்பாட்டினன். அதை இறுக்கிப் பூட்டாம ஓட்டினா புறொப்பெல்லர் தள்ளுற தண்ணி உள்ளுக்க ஏறி போட்டே தாழும், அப்பிடித் தாண்டுபோன போட்டுகள் இருக்கு. பின்னேரம் கட்டினாப் பிறகு புறொப்பெல்லரைச் சுத்துற ஷாப்ற் வெளிய போற இடத்தில கிறீஸ் கப்பைத் திருகி, தண்ணி சொட்டுறது நிண்டிட்டுதோ எண்டு ரோர்ச் அடிச்சுப் பாக்கோணும். சாமி கும்பிடுற மாதிரி ஒவ்வொரு நாளும்.

ஆனா பொடியனுக்கு அது பிடிச்சிருக்கு, அதையும் மறைக்கக்கூடாது. லண்டனில ஹன்வெல் எண்ட இடத்தில ஆறு லொக் அடுத்தடுத்து இருக்கு, ஒரு ஞாயிறு மூண்டு பேருமா கதவைத் தள்ளித் தள்ளி ஏறினம், முன்பின் தெரியாத ஒரு கிழவி வந்து எங்களோட சேந்து தள்ளினா. என்ர நாரி ரெண்டு நாள் நிமிரேல்லை, எண்டாலும் அண்டைக்குச் சாப்பிட்ட பாணும் சம்பலும் இண்டைக்கும் நாக்கில நிக்குது. கையில வேலை தெரிஞ்ச, எண்ணெய்க்கும் ஊத்தைக்கும் அருவருக்காத ஆளுக்கு அது நல்ல வாழ்க்கை. வாடகையை மிச்சம் பிடிக்க மட்டும் போறவனுக்கு இல்லை. வீட்டில மாநகரசபையும் மற்ற ஆக்களும் செய்யிற வேலை எல்லாத்தையும் போட்டில நீங்கள்தான் செய்யோணும், தண்ணி, கரண்ட், குப்பை, மலசலம் எல்லாம்.

கட்டுரையின்ர கடைசியில வெள்ளவத்தைக் கால்வாயிலயும் பேர வாவியிலயும் இப்பிடிப் படகு வீடு விடலாம் எண்டு ஒரு யோசனை போட்டிருந்தியள். நான் பம்பலப்பிட்டிக்கும் வெள்ளவத்தைக்கும் நடுவில இருக்கிற பாலத்தில தினமும் பின்னேரம் நடக்கிறவன், மூக்கைப் பொத்திக்கொண்டு. லண்டனில மருமகன் நிண்ட பாடிங்டன் கிளைக் கால்வாய் 1801இல திறந்தது, நீர்கொழும்புப் பக்கம் போற எங்கட ஹமில்டன் கால்வாய் 1802இல தொடங்கி 1804இல முடிஞ்சது, ரெண்டுக்கும் ஒரே வயசு. அங்க 2012இல இருந்து ஒரு அறக்கட்டளை ஏறக்குறைய 2,000 மைல் கால்வாயைப் பாத்துக்கொள்ளுது, அப்பிடி இருந்தும் குழாய் உடைஞ்சு கிடக்கு எண்டு போட்காரர் சண்டை பிடிக்கினம். இங்க கால்வாய் எண்டா வெள்ளம் வடியிற வாய்க்கால். 2010 நவம்பரிலயும் 2016 மேயிலயும் தண்ணி எப்பிடி ஏறினது எண்டு மறந்திட்டியளோ? கயிறை இறுக்கிக் கட்டிப்போட்டு நித்திரை கொண்டா, தண்ணி ஏறேக்க ஒரு பக்கம் இழுபட்டு போட் சரியும். கடல் வாசலில உப்பும் நல்ல தண்ணியும் கலக்கிற இடத்தில மக்னீசியம் சரிவராது, அலுமினியம் போடோணும், அதை ஆர் பாப்பினம்? 20 லீற்றர் பெட்டியை எங்க ஊத்துறது எண்டு முதல்ல ஒரு இடம் கட்டட்டும், அதுக்குப் பிறகு பூச்சாடியை வைக்கலாம். அதோட, கால்வாய்க் கரையில பலகை வீட்டில இருந்த சனத்தைக் கரையில இருக்கக்கூடாது எண்டு எழுப்பி மாடிக்கு அனுப்பின நகரம் இது, இப்ப காசுள்ளவைக்கு அதே தண்ணியில படகு வீடு எண்டா எனக்கென்னவோ வாய் கசக்குது.

ரெண்டாம் மாடிக்காரருக்கு நான் சொன்னது இதுதான். மகன் ஜனவரியில ஒரு கிழமை ஆற்றையும் போட்டில வாடகைக்கு இருந்து பாக்கட்டும், கோடையில இல்லை, ஜனவரியில. பிறகும் ஆசை இருந்தா, வாங்கப்போற போட்டைத் தண்ணியால வெளிய ஏத்தி, தான் பிடிச்ச ஆளை வைச்சுத் தகடு அளக்கட்டும், விக்கிறவர் காட்டுற பழைய பேப்பரை நம்ப வேண்டாம். அந்த ரிப்போர்ட்டை வட்ஸ்அப்பில அனுப்பச் சொல்லியிருக்கிறன். வந்தாப் பிறகு நாங்கள் ரெண்டு பேரும் மொட்டை மாடியில இருந்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, 4க்குக் கீழ எங்கையும் நம்பர் இருக்கோ எண்டு ஒவ்வொண்டாப் பாக்கிறதா இருக்கிறம். காணி அதுவரைக்கும் கோண்டாவிலிலயே கிடக்கட்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கப்பல் திருத்துநர் ஒருவர்,
வெள்ளவத்தை, கொழும்பு 06.