அம்மா இடது கையால் போட்ட ஓட்டு

கொழிஞ்சாம்பாறை
ஏப்ரல் 28, 2024

ஊர்ப் பெரியவர்களுக்கும் அக்கம்பக்கத்து உறவுகளுக்கும் வணக்கம்.

வெள்ளிக்கிழமை நாடாளுமன்றத் தேர்தலில் அம்மா ஓட்டுப் போட்டுவிட்டு வந்தார். வீடு வீடாக வந்து நன்றி சொல்லத்தான் ஆசை. அம்மாவை விட்டு அதிக நேரம் நகர முடியாததால் இந்த மடல்.

ஜனவரியில் பக்கவாதம் வந்து அம்மாவின் வலது கையும் காலும் விழுந்துவிட்டது உங்களுக்குத் தெரியும். அதைவிட எங்களை வாட்டியது, அதன்பிறகு அவர் எதையுமே கேட்காமல் போனதுதான். காபி வேண்டுமா என்றால்கூட சுவரைப் பார்த்துக்கொண்டு இருப்பார். பூத் ஸ்லிப் கொடுக்க, வாக்குச்சாவடி நிலை அலுவலரான (பி.எல்.ஓ.) டீச்சர் வந்த அன்று மட்டும், இடது கையை நீட்டித் தானே வாங்கித் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டார். "போகணும்" என்றார். டீச்சர், அந்த ஒரு சொல்லுக்கே உங்களுக்கு நன்றி.

வீட்டிலேயே ஓட்டுப் போடும் வசதி 85 வயதைத் தாண்டியவர்களுக்கும், 40 சதவீதத்துக்குக் குறையாத ஊனம் என்று சான்று வைத்திருப்பவர்களுக்கும்தான். அம்மாவுக்கு 71. சான்றும் வாங்கி வைக்கவில்லை. சரி, தூக்கிக்கொண்டாவது போவோம் என்று இருந்தபோது, படுத்த படுக்கையானவர்களை வீட்டுக்கே வந்து பார்க்கும் பஞ்சாயத்து பாலியேட்டிவ் (வலி தணிப்பு) சிஸ்டர் சக்கர நாற்காலியோடு வந்து நின்றார். இந்தியாவிலேயே முதலில், 2008இல், பாலியேட்டிவ் சிகிச்சைக்கென்று கொள்கை வகுத்த மாநிலம் கேரளம் என்று படித்திருக்கிறேன். அது எங்கள் வாசல் வரைக்கும் வந்தது அன்றுதான்.

பாலக்காடே 40 டிகிரியைத் தாண்டிக் கொதித்த வாரம் அது. வெயிலுக்கு முன்னால் போய்விட வேண்டும் என்று ஆட்டோ அண்ணன் காலை ஆறரைக்கே வந்துவிட்டார். காசு வாங்க மறுத்துவிட்டார்.

அந்த நேரத்தில்தான் திருப்பூரிலிருந்து தம்பி வந்து இறங்கினான். தோப்பைப் பாகம் பிரித்த மனக்கசப்பில் இரண்டு வருடமாக வீட்டுப் படி ஏறாதவன். அம்மா ஆஸ்பத்திரியில் இருந்தபோதுகூட, நான் இல்லாத நேரம் பார்த்து வந்து போனவன். என்னிடம் எதுவும் பேசவில்லை. அம்மாவின் முதுகுக்கு அடியில் கையைக் கொடுத்துவிட்டு, "அண்ணா, கால் பக்கம் புடி" என்றான். அவனுக்குப் போன் செய்து வரச் சொன்னது யாரென்று எனக்குத் தெரியும். மாமா, உங்களுக்கு என் கும்பிடு.

பள்ளிக்கூடத்தில் வரிசையில் நின்றவர்கள் அத்தனை பேரும் விலகி வழிவிட்டீர்கள். உடன் வருபவர் பட்டனை அழுத்தலாம் என்று அதிகாரி சொன்னதும் அம்மா தலையை ஆட்டி மறுத்துவிட்டார். மறைப்புக்குப் பக்கத்தில் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போய் விட்டுவிட்டு எல்லோரும் திரும்பி நின்றோம். சத்தமே இல்லை. எவ்வளவு நேரம் ஆயிற்றோ. பின்னால் நின்ற சேச்சி, "அம்மே, பதுக்கெ மதி" (அம்மா, மெதுவாகப் போதும்) என்றார். அப்புறம் அந்த நீண்ட பீப் சத்தம் கேட்டது. என் தம்பி முகத்தைத் துடைத்துக்கொண்டான். அவசரப்படுத்தாமல் காத்திருந்த அதிகாரிகளுக்கும், வெளியே வந்ததும் அம்மாவுக்குச் சம்பாரம் (நீர்மோர்) கொடுத்த அந்தச் சேச்சிக்கும் நாங்கள் என்றும் கடமைப்பட்டிருக்கிறோம்.

பொள்ளாச்சியில் கட்டிக்கொடுத்த தங்கை மத்தியானம் வந்து சேர்ந்தாள். தமிழ்நாட்டில் 19ஆம் தேதியே ஓட்டு முடிந்துவிட்டதால், அவள் விரலில் தோல் மேல் இருந்த மை போய் நகத்தில் மட்டும் நின்றது. அம்மா தன் விரலை அதன் பக்கத்தில் வைத்து, எது கறுப்பு என்று பார்த்துச் சிரித்தார். ஜனவரிக்குப் பிறகு நாங்கள் பார்த்த முதல் சிரிப்பு. அன்று ராத்திரி நான்கு பேரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டோம்.

நாற்காலியைத் திருப்பிக் கொடுக்கப் போன் செய்தேன். "இருக்கட்டும், இனிமேல்தான் அம்மாவுக்கு அது வேண்டும்" என்றார் சிஸ்டர். இதை எழுதிக்கொண்டிருக்கும்போது தம்பி அதில் அம்மாவை உட்கார வைத்து, மாரியம்மன் கோயில் வரைக்கும் தள்ளிக்கொண்டு போயிருக்கிறான்.