துண்டு போட்டுப் பிடித்த இடமல்ல

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் டென்னிஸ் பற்றி வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். முதல் முறை ஆசையாக, இரண்டாம் முறை எரிச்சலாக. டென்னிஸின் நான்கு பெரிய போட்டிகளான கிராண்ட் ஸ்லாம்களில் 24 கோப்பை வாங்கிய ஜோகோவிச் இன்னும் ஏன் மட்டையைத் தூக்கிக்கொண்டு அலைகிறார், இளைஞர்களுக்கு வழிவிட வேண்டாமா என்று கேட்கிறார் கட்டுரையாளர். கூடவே, மகா சாம்பியன்களுக்குப் பதற்றமே கிடையாது, அது வயதானபின் ஒட்டிக்கொள்கிற வியாதி என்கிற மாதிரி ஒரு வரி. முப்பத்திரண்டு வருடம் பள்ளி மைதானத்தில் விசில் ஊதியவன் நான். இரண்டுக்கும் பதில் சொல்லாவிட்டால் தூக்கம் வராது.

வழிவிடுகிற பேச்சு கிரிக்கெட்டுக்குச் சரி. பதினொரு பேர்தான் ஆட முடியும். ஒரு பெரியவர் நகராவிட்டால் ஒரு பையன் எல்லைக்கோட்டுக்கு வெளியே தண்ணீர் பாட்டிலோடு நிற்க வேண்டியதுதான். டென்னிஸில் இருக்கிற இடமோ, மன்னார்குடி - தஞ்சாவூர் பஸ்ஸில் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டுப் பிடித்த இடமல்ல. கிராண்ட் ஸ்லாம் ஒற்றையரில் 128 பேர். அதில் 104 பேர் தரவரிசைப்படி வருகிறார்கள். போன வருடம் சம்பாதித்த புள்ளி இந்த வருடம் கழிந்துவிடும். திரும்ப ஜெயித்துத்தான் நிரப்ப வேண்டும். 16 பேர் தகுதிச் சுற்று ஆடி வருகிறார்கள். மிச்சம் 8 இடம்தான் போட்டி நடத்துபவர்கள் பார்த்துக் கொடுக்கிற ‘வைல்டு கார்டு’. முணுமுணுக்க வேண்டுமானால் அங்கே முணுமுணுக்கலாம். 2025 அமெரிக்க ஓப்பனில் 45 வயது வீனஸ் வில்லியம்ஸ் அப்படித்தான் வந்தார். வந்தவர் முதல் சுற்றில் மூன்று செட் ஆடிவிட்டுத்தான் தோற்றார். நான் அதையும் குறை சொல்ல மாட்டேன். ஜோகோவிச்சுக்கு யாருடைய தயவும் தேவைப்படவில்லை. அதே 2025இல், 38 வயதைத் தொட்ட வருடத்தில், நான்கு கிராண்ட் ஸ்லாமிலும் அரையிறுதி. அவரை வெளியே அனுப்ப ஒரே வழி, எதிரே நின்று தோற்கடிப்பது. சின்னர், அல்கராஸ் என்ற இளைஞர்கள் இருவரும் அதைச் செய்துகொண்டுதான் இருக்கிறார்கள்.

சரி, பதற்றத்துக்கு வருவோம்.

2019 ஜூலை 14, ஞாயிற்றுக்கிழமை. லார்ட்ஸில் உலகக் கோப்பை இறுதி ஆட்டம், அதே நேரம் ஃபெடரரும் ஜோகோவிச்சும் மோதும் விம்பிள்டன் இறுதி ஆட்டம். இந்தியா அரையிறுதியிலேயே வெளியேறிய கடுப்பு தீராவிட்டாலும் என் வீட்டில் ரிமோட் பேரன் கையில்தான். ஓவர் முடிந்து விளம்பரம் வந்தால் மட்டும் டென்னிஸ் எனக்கு. இரவு பதினொன்று அடிக்கப் போகிறது. ஐந்தாவது செட், 8-7, சர்வீஸ் ஃபெடரர் கையில், 40-15. இரண்டு சாம்பியன்ஷிப் பாயிண்ட், அதாவது இரண்டில் ஒன்றை எடுத்தால் கோப்பை. 38ஆவது பிறந்தநாளுக்கு ஒரு மாதம்கூட இல்லை. “தாத்தா, உங்க ஆள் ஜெயிச்சாச்சு” என்று பேரனே ரிமோட்டைக் கீழே வைத்தான். முதல் பந்தில் ஃபெடரரின் ஃபோர்ஹேண்ட் கோட்டுக்கு வெளியே போனது. இரண்டாவதில் வலைக்கு ஏறி வந்தார். ஜோகோவிச் குறுக்கே அடித்த பந்து அவரைத் தாண்டிப் போய்விட்டது. கடைசியில் 12-12க்குப் பிறகு, சமநிலையில் நிற்கும் செட்டைத் தீர்மானிக்கிற டை-பிரேக்கில் கோப்பை ஜோகோவிச்சுக்கு. 4 மணி 57 நிமிடம் நடந்த ஆட்டத்தில் ஃபெடரர் எடுத்த புள்ளி 218, ஜோகோவிச் எடுத்தது 204. அதிகம் எடுத்தவர் தோற்றார். ஜோகோவிச்சோ அன்று நடந்த மூன்று டை-பிரேக்கையும் விடவில்லை.

அரங்கம் முழுக்க ‘ரோஜர், ரோஜர்’ என்று கத்தியதைத் தன் காதில் ‘நோவாக்’ என்று போட்டுக்கொண்டதாக ஜோகோவிச் பிறகு சொன்னார். பதற்றமே இல்லாத ஆளுக்கு இந்த வேலை எதற்கு? உள்ளே என்னவோ புரட்டி எடுக்கிறது. அதற்கு ஒரு கைவைத்தியம் பண்ணிக்கொள்கிறார். கைவைத்தியம் எப்போதும் கேட்காது. 2021 அமெரிக்க ஓப்பனில் இன்னும் ஒரு ஆட்டம் ஜெயித்தால் ஒரே வருடத்தில் நான்கு கோப்பை என்ற நிலையில், மெத்வெதேவிடம் நேர் செட்களில் தோற்றுக்கொண்டிருந்தபோதே இடைவேளையில் துண்டுக்குள் முகத்தை வைத்துக்கொண்டு அழுதார். வயது 34. அதற்குப் பிறகு நான்கு கிராண்ட் ஸ்லாம், போதாததற்கு 2024 பாரிஸ் ஒலிம்பிக் தங்கம். பதற்றம் வந்தால் ஆட்டக்காரன் கதை முடிந்தது என்று எழுதுபவர்கள் இதை எந்தக் கணக்கில் வைப்பார்கள்?

பெரிய ஆட்டக்காரர்களிடம் நான் பார்ப்பது தோற்ற புள்ளியை அங்கேயே போட்டுவிட்டு நகர்கிற பழக்கம். ஃபெடரர் 2024இல் ஒரு பட்டமளிப்பு விழாவில் தன் கணக்கை அவரே சொன்னார். ஆடியது 1,526 ஒற்றையர் ஆட்டம், ஜெயித்தது ஏறக்குறைய 80 சதவீதம், ஆனால் ஜெயித்த புள்ளிகள் 54 சதவீதம்தான். நூற்றுக்கு 46 முறை அவர் தோற்றிருக்கிறார்! சின்னரைப் பாருங்கள். 2025 பிரெஞ்சு ஓப்பன் இறுதியில் அடுத்தடுத்து மூன்று சாம்பியன்ஷிப் பாயிண்டை அல்கராஸிடம் விட்டு, ஐந்தரை மணி நேரத்துக்குப் பிறகு தோற்றார். நானாக இருந்தால் ஒரு வருடம் மட்டையைத் தொட்டிருக்க மாட்டேன். அவர் ஐந்தே வாரத்தில் அதே அல்கராஸை வென்று விம்பிள்டன் வாங்கினார்.

இதை நான் தாமதமாகத்தான் கற்றுக்கொண்டேன். எங்கள் பக்கம் பூப்பந்து நாடு. தஞ்சாவூர் அரண்மனையில் பிறந்த ஆட்டம் என்று சொல்வார்கள். மஞ்சள் கம்பளிப் பந்து, திறந்த மைதானம், பக்கத்துக்கு ஐந்து பேர். வயல்காற்று அடித்தால் பந்து தன் இஷ்டத்துக்குப் போகும். ஒரு மாவட்டப் போட்டியில் என் மாணவி ஒருத்தி கடைசி நேரத்தில் சர்வீஸ் போட நின்றாள். உள்ளங்கை ஈரத்தைப் பாவாடையில் ஒரு தரம், இரண்டு தரம், மூன்று தரம் துடைத்தாள். பந்து வலையில் விழுந்தது. “இதைக்கூடப் போடத் தெரியாதா?” என்று எல்லார் முன்னாலும் நான் கத்தினேன். காற்று எதிரே அடித்துக்கொண்டிருந்தது எனக்கும் தெரியும். மறுநாள் பயிற்சிக்கு மட்டை இல்லாமல் வந்தாள். அதற்கு மறுநாள் வரவே இல்லை. அவளிடம் இருந்த மணிக்கட்டு, பிறகு நான் பழக்கிய எந்தப் பிள்ளையிடமும் இல்லை.

1993 விம்பிள்டன் இறுதியில் யானா நோவோட்னா மூன்றாவது செட்டில் 4-1 முன்னணியில் இருந்து, ஒரு டபுள் ஃபால்ட்டுக்கு (இரண்டு சர்வீஸும் தவறிப் புள்ளி பறிபோவது) பிறகு எல்லாவற்றையும் ஸ்டெஃபி கிராஃபிடம் விட்டார். பரிசு கொடுக்க வந்த கென்ட் சீமாட்டியின் தோளில் சாய்ந்து அழுதார். சீமாட்டி அவரை அணைத்துக்கொண்டார். 1998இல் அதே கோர்ட்டில் கோப்பை வாங்கினார் நோவோட்னா. சீமாட்டி அணைத்துக்கொண்ட அந்தப் படத்தைப் பத்திரிகையில் பார்க்கும்போதெல்லாம் எனக்கு என் விசில்தான் ஞாபகம் வரும்.

சீக்கிரம் போனவர்களைக் கோழை என்று சொல்ல வரவில்லை. 11 கிராண்ட் ஸ்லாமோடு 26 வயதில் ஸ்வீடன்காரர் பியான் போர்க் போதும் என்றார். ஆஷ் பார்ட்டி 2022இல் ஆஸ்திரேலிய ஓப்பன் வாங்கிய இரண்டே மாதத்தில், 25 வயதில், முதலிடத்தில் இருந்தபடியே விலகினார். அது அவர்கள் இஷ்டம். 37 வயதில் ஆஸ்திரேலிய ஓப்பன் வென்ற கென் ரோஸ்வால், 39 வயதில் விம்பிள்டன், அமெரிக்க ஓப்பன் இரண்டிலும் இறுதிக்கு வந்து கானர்ஸிடம் தோற்றார். அதுவும் இஷ்டம்தான். பிள்ளை பெற்று வந்த செரீனா நான்கு இறுதி ஆட்டம் தோற்றதை ‘சரிவு’ என்கிறது உங்கள் கட்டுரை. பிரசவத்துக்குப் பின் நான்கு முறை இறுதிக்கு வந்ததை என் மனைவி வேறு பெயரில் சொல்கிறாள்.

நீடிக்கிறவர்கள் எதை விடுகிறார்கள் என்றும் எழுதியிருக்கலாம். 2017, 2018 இரண்டு வருடமும் ஃபெடரர் களிமண் தரைப் போட்டிகள் பக்கமே போகவில்லை. அந்த இரண்டு வருடத்தில் மூன்று கிராண்ட் ஸ்லாம் வாங்கினார். குறுவை, தாளடி என்று நெல்லாகவே போட்ட வயலில் அடுத்து உளுந்து தெளிக்கிற எங்கள் ஊர்க்காரருக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

கட்டுரையாளர் இந்தப் பக்கம் வந்தால் சொல்லச் சொல்லுங்கள். சாயங்காலம் ஐந்தரைக்கு மேல் எங்கள் மைதானத்தில் ஆட்டம் உண்டு. கடைசிப் புள்ளியில், சுற்றிலும் இருபது பேர் நின்று பார்க்க, ஒரே ஒரு சர்வீஸ் போட்டுக் காட்டட்டும். டீ என் செலவு.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர்,
மன்னார்குடி.