மூடுபனியிலும் சுழி தெரிய வேண்டும்

நீலகிரி மலைச்சாலைகளில் ஊர்ப்பலகையும் வழிப்பலகையும் வைக்கும் அதிகாரிகளுக்கும், அவற்றைச் செய்து தரும் ஒப்பந்தக்காரர்களுக்கும், கணினியில் உட்கார்ந்து அந்த எழுத்தைக் கோக்கும் கடைக்காரர்களுக்கும் வணக்கம்.

நான் குன்னூரில் டி.டி.பி., அதாவது கணினியில் அச்சுக்கோக்கும் வேலை பார்க்கிறவன். கல்யாணப் பத்திரிகை, வர்க்கி பிஸ்கட் பாக்கெட் லேபிள், திருவிழா நோட்டீஸ் என்று ஃபான்ட்டோடுதான், அதாவது எழுத்துருவோடுதான் பிழைப்பு. அதனால் இந்த மடலில் தொழில் பேச்சு கொஞ்சம் தூக்கலாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். கேட்க வந்தது ஒன்றே ஒன்று. பலகைக்கான எழுத்துருவை டியூப் லைட் வெளிச்சத்தில், கணினித் திரையில் பார்த்து முடிவு செய்யாதீர்கள். மூடுபனியில் நிறுத்திப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

மணிக்கு முப்பது கிலோமீட்டர் வேகத்தில் போகிற வண்டி வினாடிக்கு எட்டு மீட்டருக்கு மேல் நகரும். பனியில் முப்பது மீட்டர் தூரம்தான் கண்ணுக்குத் தெரிகிறது என்றால், பலகை தென்பட்டதிலிருந்து அதைக் கடக்கும்வரை ஓட்டுநருக்கு நாலு வினாடிகூட இல்லை. அதற்குள் அவர் கொண்டை ஊசி வளைவையும் எதிரே இறங்கும் லாரியையும் பார்த்தாக வேண்டும். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு 14 கொண்டை ஊசி வளைவுகள், ஊட்டியிலிருந்து மசினகுடிக்கு இறங்கும் கல்லட்டிப் பாதையில் 36. நம் பலகை படிக்கப்படுவது இந்த மாதிரி இடத்தில்தான்.

ஒரு ஃபான்ட் ஏன் பிடிக்கிறது என்று கேட்டால் பலரும் வளைவு, நெளிவு, கம்பீரம் என்பார்கள். நான் சுழியைப் பார்ப்பேன். தமிழ் எழுத்தின் உயிர் மையில் பாதி, மை படாத வெற்றிடத்தில் பாதி. ‘ண’வுக்கு மூன்று சுழி, ‘ன’வுக்கு இரண்டு. அந்தச் சுழிகளுக்குள் காற்று புகுந்து வருகிற மாதிரி இடம் இருந்தால் தூரத்திலிருந்தும் ண, ண தான். இடம் இல்லை என்றால் அது வெறும் கறுப்புக் கட்டி. புள்ளியும் அப்படித்தான். எழுத்தின் தலைக்கு மேல் கொஞ்சம் விலகி நிற்க வேண்டும், ஒட்டினால் ‘குன்னூர்’ ‘குனனூர’ ஆகிவிடும். ‘கி’யின் கொக்கிக்கும் ‘கீ’யின் சுழிக்கும் வித்தியாசம் பளிச்சென்று தெரிய வேண்டும். ‘ர’வுக்குக் கீழே வால் சரியாக இறங்காவிட்டால் அது துணைக்காலாகப் படிக்கப்படும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும், இது எனக்கு மிகவும் பிடித்த நுணுக்கம். வட்டமான எழுத்தையும் ‘ட’, ‘ப’ போன்ற தட்டையான எழுத்தையும் ஒரே கோட்டுக்குச் சரியாக வெட்டினால் வட்டம் சின்னதாகத் தெரியும். அதனால் நல்ல வடிவமைப்பாளர் வட்டத்தை மயிரிழை அளவு கோட்டுக்கு வெளியே தள்ளி வைப்பார். அளவுகோல் வைத்தால் தப்பு, கண்ணுக்குச் சரி. ஃபான்ட் பிடித்துப்போவதற்கு இந்த மாதிரிக் கண்ணுக்குத் தெரியாத வேலைகள்தான் காரணம்.

பனியில் என்ன ஆகிறது? ஹெட்லைட் வெளிச்சம் ஒளி திருப்பும் ஸ்டிக்கரில் பட்டுத் திரும்பும்போது பனித்துளிகளில் சிதறுகிறது. பச்சைப் பலகையில் உள்ள வெள்ளை எழுத்து உப்பிக்கொண்டு தன் சுழியைத் தானே அடைத்துவிடுகிறது. மஞ்சள் பலகையில் கறுப்பு எழுத்து என்றால் நேர் எதிர்: சுற்றியுள்ள வெளிச்சம் கறுப்பைத் தின்று எழுத்தை மெலிய வைக்கும். ஆக ஒரே ஃபான்ட்டை ஒரே தடிமனில் இரண்டு பலகைக்கும் போடுவது வேலைக்காகாது. பிரிட்டன் சாலைகளுக்காக ஜாக் கின்னியரும் மார்கரெட் கால்வர்ட்டும் செய்த டிரான்ஸ்போர்ட் எழுத்துருவில் இதற்காகவே இரண்டு தடிமன்கள் உண்டு. வெளிர் பின்புலத்தில் கறுப்பாக எழுதத் தடித்தது, இருண்ட பின்புலத்தில் வெள்ளையாக எழுத அதைவிட மெலிந்தது.

அமெரிக்காவில் கிளியர்வியூ என்ற எழுத்துரு வந்த கதையும் நமக்கு உதவும். பழைய நெடுஞ்சாலை எழுத்துகளுக்குள் இருக்கும் வெற்றிடம் இரவில் அடைபடுகிறது என்று அதை விரித்து வடிவமைத்தார்கள். 2004இல் தற்காலிக அனுமதி கிடைத்தது. 2016இல் அது திரும்பப் பெறப்பட்டது, 2018இல் மறுபடி கொடுக்கப்பட்டது. இருண்ட பலகையில் வெள்ளையாக எழுதினால் நன்றாக இருந்த அதே எழுத்து, வெளிர் பலகையில் கறுப்பாக எழுதியபோது சரியாக எடுபடவில்லை. ‘நல்ல ஃபான்ட்’ என்று பெயர் வாங்கிவிட்டதே என்று எல்லாப் பலகையிலும் ஒட்டிவிட முடியாது என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

அப்புறம் நம்மூர் வியாதி ஒன்று: எழுத்தை இழுப்பது, நெருக்குவது. ஆங்கிலத்தில் ‘Ooty’ என்று நாலு எழுத்தில் முடிந்துவிடும். தமிழில் ‘உதகமண்டலம்’ என்று எட்டு எழுத்து வேண்டும். இரண்டும் ஒரே அகலத்தில் உட்கார வேண்டும் என்று கோரல் டிரா என்ற வடிவமைப்பு மென்பொருளில் ஓரத்தைப் பிடித்துத் தமிழை நெருக்குகிறார்கள். நெருக்கினால் நின்ற கோடுகள் மெலியும், படுத்த கோடுகள் தடியாகவே இருக்கும், சுழியெல்லாம் முட்டை வடிவமாகும். கதவிடுக்கில் மாட்டிய ஆள் மாதிரி நிற்கிறது ஊர்ப்பெயர். இடம் பற்றாது என்றால் எழுத்தின் உயரத்தைக் குறைக்காமல் பலகையை அகலமாக்குங்கள். அதுவும் முடியாவிட்டால், ஒடுக்கமாகவே வடிவமைக்கப்பட்ட எழுத்துருவை எடுங்கள். ஏக் டைப் என்ற எழுத்துரு நிறுவனம் வெளியிட்ட அனெக் தமிழில் ஒடுக்கத்திலிருந்து விரிவு வரை அகலத்தை மாற்றிக்கொள்ளலாம், தடிமனையும் மாற்றலாம். அங்கே ஒடுக்கமான எழுத்தைக் கையால் திருத்தி வரைந்திருக்கிறார்கள், இழுத்து நசுக்கவில்லை.

ஷேடோ, சிவப்பு அவுட்லைன், தங்க நிற கிரேடியன்ட் பற்றி ஒரு வரி போதும்: காதுகுத்து ஃபிளெக்ஸோடு நின்றுவிடட்டும்.

எனக்குப் பிடித்ததைச் சொல்கிறேன். பிரியா ரவிச்சந்திரன் வடிவமைத்த கட்டமரான் ஒன்பது தடிமன்களில் கிடைக்கிறது, தலைப்புக்கு நான் முதலில் எடுப்பது அதைத்தான். பலகைக்கு என்று கேட்டால் முக்தா மலர். அலட்டாத எழுத்து, நடுத்தரத் தடிமனிலும் சுழிகள் திறந்தே நிற்கின்றன. நோட்டோ சான்ஸ் தமிழ் கொஞ்சம் உப்புச்சப்பில்லாதது, ஆனால் எந்தக் கணினியிலும் காலை வாராது. தாரிக் அசீஸின் கவிவாணர் சாய்ந்த கையெழுத்து போல அழகாக ஓடும். பத்திரிகைக்கு அருமை, கொண்டை ஊசி வளைவுக்கு வேண்டவே வேண்டாம். பலூ தம்பி குண்டுப் பையன், வர்க்கி கடை போர்டில் அவனைப் பார்த்தாலே பசிக்கும். விண்டோஸ் 2000 காலத்தில் வந்த லதாவைக் கண்டு சலித்துவிட்டது, அதைத் திட்ட மனம் வரவில்லை. விண்டோஸின் லதா நீங்கலாக மற்றவை எல்லாமே திறந்த உரிமத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. டெண்டரில் ஃபான்ட்டுக்கு ஒரு ரூபாய் ஒதுக்க வேண்டாம்.

டெண்டரில் இன்னொரு வரி மட்டும் சேருங்கள்: எழுத்து ஒருங்குறியில் (யூனிகோடில்) இருக்க வேண்டும். 2010இலேயே தமிழ்நாடு அரசு ஒருங்குறியையும், தமிழுக்கென்றே உருவான டேஸ் 16 குறியாக்கத்தையும் தரமாக அறிவித்துவிட்டது. இன்னும் பழைய குறியாக்கத்தில் கோப்பு வந்து, கடைக் கணினியில் அந்த ஃபான்ட் இல்லாமல் கிறுக்கலாகத் தெரிந்து, யாரோ அவசரத்தில் மறுபடி தட்டச்சு செய்யும்போதுதான் ஊர்ப்பெயரில் ஒற்று காணாமல் போகிறது. பழைய மென்பொருளில் ஒருங்குறியை ஒட்டினால் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும். ‘கேத்தி’க்கும் ‘கோத்தகிரி’க்கும் இந்த ஆபத்து உண்டு. அச்சுக்குப் போகும் முன் அந்த ஊர்க்காரர் ஒருவரிடம் காட்டிக் கையெழுத்து வாங்குங்கள்.

நல்ல முன்மாதிரிக்குத் தூரம் போக வேண்டியதில்லை. மலை ரயில் நிலையங்களின் மஞ்சள் பலகையைப் பாருங்கள். மஞ்சளில் கறுப்பு, தாராளமான இடைவெளி, கீழே கடல் மட்டத்திலிருந்து உயரம். எந்த அலங்காரமும் கிடையாது. நின்று படம் எடுத்துக்கொள்கிறவர்கள் ஃபான்ட் பெயரை விசாரிப்பதில்லை, ஆனால் கண் அங்கேயே நிற்கிறது.

செய்ய வேண்டியது பெரிய வேலை ஒன்றுமில்லை. முக்தா மலர், அனெக் தமிழ், இப்போது நீங்கள் போடுகிற எழுத்து ஆகிய மூன்றிலும் ‘குன்னூர்’, ‘உதகமண்டலம்’, ‘கோத்தகிரி’ என்று மாதிரிப் பலகைகள் அடியுங்கள். பச்சையில் வெள்ளை ஒரு செட், மஞ்சளில் கறுப்பு ஒரு செட். தென்மேற்குப் பருவத்தில் கூடலூர்ப் பக்கமும், ஐப்பசி கார்த்திகையில் குன்னூர், கோத்தகிரிப் பக்கமும் பனி இறங்கும் ஒரு மாலையில் நிறுத்துங்கள். எது முதலில் படிக்க முடிகிறது என்று பேருந்து ஓட்டுநர்களையும் தேயிலை லாரி ஓட்டுநர்களையும் கேளுங்கள். மாதிரிகளை எழுத்துக் கோத்துத் தர நான் தயார், கூலி வேண்டாம்.

இப்படிக்கு,
குன்னூர் டி.டி.பி. காரன்