விசுவமடுக் காட்டை வெட்டியது யார்?

ஆசிரியர் அவர்களுக்கு,

தங்கள் சஞ்சிகையில் சென்ற மாதம் வந்த வன்னிக் குடியேற்றங்கள் பற்றிய கட்டுரையை இரண்டு தரம் வாசித்தேன். முதல் தரம் என் கண்ணாடியில்தான் பிழையோ என்று நினைத்தேன். 'அரசாங்கம் காட்டை வெட்டித் திருத்தி, படித்த வாலிபர்களுக்குக் காணியும் வீடும் வழங்கியது' என்று விசுவமடுவை ஒரே வரியில் முடித்துவிட்டார் கட்டுரையாளர். நல்லது. அந்த வாலிபர்களில் நானும் ஒருவன். எனக்கு வழங்கிய வீடு எங்கே இருக்கிறது என்று அவர் சொன்னால் இப்போதாவது போய்க் குடியிருப்பேன்.

டட்லி சேனநாயக்கா ஆட்சியில், அறுபதுகளின் பிற்பாதியில் போனோம். படித்துவிட்டு உத்தியோகம் இல்லாமல் வாசிகசாலையில் பேப்பர் பார்த்துக்கொண்டிருந்த பெடியள் நாங்கள். பரந்தனில் இறங்கி முல்லைத்தீவு வீதியால் உள்ளே போனால் காடு. ஓவசியர் கயிறு பிடித்து 'இது உம்முடைய துண்டு' என்று காட்டினார். பெரிய மரங்களை டோசர் தள்ளியது உண்மை, மறுக்கவில்லை. நிலத்துக்குள் கிடந்த பாலைக் கட்டையையும் வீரைக் கட்டையையும் யார் கிண்டியது? சுற்றிவரக் குழி தோண்டி, பக்கவேரைக் கோடரியால் தறித்து, அடியில் சுள்ளி அடுக்கி நெருப்பு வைக்க வேண்டும். இரவிரவாக எரிந்த பிறகு விடிய நாலு பேர் அலவாங்கு போட்டுக் கிளப்பிப் பார்ப்போம். அசையாவிட்டால் திரும்பவும் நெருப்பு. அதுவரை பேனை பிடித்த கை. உடைந்த கொப்புளத்தில் தேங்காயெண்ணெய் பூசித் துணியைச் சுற்றிக்கொண்டு அடுத்த கட்டைக்குப் போவோம். இரவில் கிடுகுக் கொட்டிலில் ஒருவர் மாறி ஒருவர் பன்றிக் காவல்.

அப்புறம் மலேரியா. கட்டுரையில் அந்தச் சொல்லே இல்லை. 1963இல் இலங்கை முழுவதிலும் 17 பேருக்குத்தான் மலேரியா வந்தது, இனி ஒழிந்தது என்று மருந்தடிப்பை நிறுத்தினார்கள். 1968, 69இல் அது லட்சக்கணக்கானவர்களைப் பிடித்தது. பிடிப்பதற்கு வன்னிக் காட்டில் புதிதாக வந்து கிடந்த எங்களைவிட வசதியான ஆட்கள் யார்? ஒருவன் நடுங்கிக்கொண்டு படுத்தால் மற்றவன் அவனுடைய மிளகாய்க் கன்றுக்கும் சேர்த்துத் தண்ணீர் கட்டினான். குளோரோகுயின் குளிசையின் கசப்பு இன்னும் நாக்கில் இருக்கிறது.

ஊரில் எனக்குப் பெண் கேட்டுப் போன அம்மாவிடம் 'காட்டுக்குப் போனவனுக்கோ?' என்று கேட்டு அனுப்பினார்கள். 1970இல் சிறிமாவோ அரசு வந்து மிளகாய், வெங்காய இறக்குமதியை மறித்தது. செத்தல் மிளகாய் அந்தர் அந்தராக லொறி ஏறியது. அதே வீட்டுக்காரர் பிறகு தாங்களாகவே தரகரை அனுப்பினார்கள். (நான் கட்டியது வேறு இடத்தில்.) 1977இல் ஜே.ஆர். ஜெயவர்த்தனா இறக்குமதிக் கதவைத் திறந்துவிட, வெளிநாட்டு மிளகாய் வந்து எங்கள் விலையை விழுத்தியது. இதெல்லாம் தங்களுக்குத் தெரியாத சங்கதியா? தெரிந்துகொண்டே அந்த வரியை எப்படி விட்டீர்கள் என்பதுதான் எனக்கு விளங்கவில்லை.

இன்னொன்றையும் விட்டுவிட்டீர்கள். 1958 கலவரத்துக்குப் பிறகும் 1977 கலவரத்துக்குப் பிறகும் மலையகத்திலிருந்து அடிபட்டு வன்னிக்கு வந்த சனம். எங்கள் கிணறுகளில் பாதி அவர்கள் வெட்டியது. மிளகாய்ப் பழம் ஆய்ந்தது அவர்களுடைய பெண்கள். எங்களுக்காவது கையில் ஒரு காணிப் பெர்மிட் இருந்தது, அவர்களில் பலருக்கு அதுவும் இல்லை. எங்களில் சிலர் அவர்களுக்குக் கொடுத்த கூலியையும், தண்ணீர் குடிக்க எடுத்து வைத்த தனிப் பேணியையும் பற்றி ஒரு கட்டுரை போடுங்களேன். எத்தனை சந்தா நிற்கும் என்று தங்களுக்கே தெரியும்.

பெர்மிட் என்றதும் ஞாபகம் வருகிறது. கட்டுரையாளர் எங்களைக் 'காணிச் சொந்தக்காரர்' என்று எழுதியிருக்கிறார். 1935ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திச் சட்டத்தில் கிடைத்த பெர்மிட் காணியை விற்க முடியாது. பின்னுரித்தாளரின், அதாவது அடுத்து உரிமை பெறுபவரின், பெயர் எழுதாமல் ஆள் செத்தால் பிள்ளைகளில் முதலில் ஆண் பிள்ளைக்குத்தான் போகும் என்று இருந்தது. என் மூத்தது பெண். என் மனுசியும் அவளும் புல்லுப் பிடுங்கிய தோட்டம் அது. அந்தச் சட்டத்தைத் திருத்த 2022 வரை காத்திருந்தார்கள்.

2009 தையில் விசுவமடுவை விட்டு ஓடியபோது, பம்பையும் விதை நெல்லையும் விட்டுவிட்டு அந்தப் பெர்மிட்டைப் பொலித்தீன் பையில் சுற்றி இடுப்பில் கட்டிக்கொண்டு போனேன். முள்ளிவாய்க்கால், பிறகு மெனிக் பாம் அகதி முகாம். திரும்பி வந்து ஒரு அலுவலகத்தில் அதை நீட்டினால், 'ஐயா, எங்கட பைலைக் காணேல்லை, நீங்கள் அங்க இருந்ததுக்கு ஆர் சாட்சி?' என்று கேட்டது ஒரு சின்னப் பிள்ளை. அந்தப் பிள்ளையை நான் கோபிக்கவில்லை. இப்படியான கட்டுரைகளைப் படித்து வளர்ந்த பிள்ளை வேறென்ன கேட்கும்?

இந்தக் கடிதத்தையும் போன வருசக் கடிதம் போல நாலு வரியாக நறுக்கிப் போடுவதானால் போடவே வேண்டாம். ஒரு வேண்டுகோள் மட்டும். கட்டுரையோடு வந்த படத்தில் கட்டை கிளப்பும் நாலு பேரை 'காடு வெட்டும் அரச ஊழியர்கள்' என்று போட்டிருக்கிறீர்கள். இடது பக்கம் சாரத்தை மடித்துக் கட்டி நிற்பது நான். மற்ற மூவரும் இப்போது உயிரோடு இல்லை. அடுத்த இதழில் படக்குறிப்பைத் திருத்திப் போடவும். தங்கள் நிருபர் ஒரு கிழமையில் தருவதாகச் சொல்லி வாங்கிப் போன அந்தப் படம், யாழ்ப்பாணத்தில் என் தங்கை வீட்டில் இருந்ததால் தப்பியது. வேறு பிரதி இல்லை. பதிவுத் தபாலில் அனுப்பிவையுங்கள். தபால் செலவை நானே தருகிறேன்.

இங்ஙனம்,
பழைய சந்தாதாரர் ஒருவர்,
விசுவமடு